ஆனி மாதத்து நிழல்

சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகிற சாலையில் கடைசி அச்சாபீஸைத் தாண்டினால் காளவாசல் தெரு. அந்தத் தெருவில் வீடுகள் ஒரு பக்கம்தான். வடக்கே வரிசையாகப் பதினாறு வீடுகள், எல்லாமே தெற்குப் பார்த்த வாசல். எதிரே எட்டடி உயரத்தில் ஒரு பழைய சுற்றுச்சுவர். இரண்டுக்கும் நடுவே இருபத்துநாலு அடி அகலத்தில் மண்தரை. காலை எட்டு மணிவரை அது தெரு; எட்டு மணிக்கு மேல் அது களம். சைக்கிளில் வருகிறவர்கள்கூட அப்போது இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். தரை முழுக்கத் தட்டுத் தட்டாகக் காகிதக் குழாய்கள் காய்ந்துகொண்டிருக்கும்.

வெடிக்கு மருந்து அடைக்கும் முன் வெறும் தாளாக இருக்கிற குழாய் அது. இரும்புக் கம்பியில் தாளைச் சுற்றி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசையைத் தடவி, பலகையில் வைத்து ஓர் உருட்டு உருட்டிக் கம்பியை உருவினால் குழாய். மருந்து வாடையே படாத வேலை என்பதால் வீட்டில் வைத்தே பார்க்கலாம். ஏஜெண்டு வேனில் தாளை இறக்கிவிட்டுப் போவான், காய்ந்த குழாயை ஏற்றிக்கொண்டு போவான். ஒரு முழு வெயில் குடிக்காத குழாய் சாக்குக்குள் நமத்துப் பூசணம் பூத்துத் திரும்பி வரும். அதனால் அந்தப் பதினாறு வீட்டுக்கும் வெயில்தான் சோறு.

ஏழாவது வீட்டுச் செல்வலட்சுமி பத்தொன்பது வருடமாகக் குழாய் உருட்டுகிறாள். அவள் புருஷன் முனியராஜ் சாரம் கட்டுகிறவர். சவுக்குக் கம்பையும் கயிற்றையும் கொடுத்தால் ஆகாசத்துக்கு ஏணி கட்டிவிடுவார் என்று கொத்தனார்கள் சொல்வார்கள். ஒரே மகள் மாரிச்செல்வியைச் சாத்தூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. அதன்பிறகு வீட்டில் இரண்டே பேர். மகளைப் பார்த்துவிட்டு வரும்போதெல்லாம் முனியராஜ் ஒரு பொட்டலம் காரச்சேவு வாங்கி வருவார். பசைக்கையோடு உட்கார்ந்திருக்கிறவள் வாயில் அவரே இரண்டு எடுத்துப் போடுவார். எதிர்வீடு இல்லாத தெருவில் அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

சுற்றுச்சுவருக்குப் பின்னால் கிடந்த வெறும் மனையைக் காலண்டர் அச்சாபீஸ் நல்லசிவம் வாங்கினார். தரைத்தளம் போக நாலு மாடி, ஐம்பத்திரண்டு அடி உயரம் என்று பிளான் போட்டார். வெயில் போய்விடும் என்று தெருவே மனுக் கொடுத்தது. தெருக்காரர்கள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்று பிளான் பாஸ் பண்ணுகிற ஆபீஸில் நல்லசிவத்திடம் சொல்லிவிட்டார்கள். அதற்குத்தான் ஆனி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை களத்தில் கூட்டம்.

கவுன்சிலர் அருணாதேவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பேசியது அவள் வீட்டுக்காரர் சங்கிலிமுத்து.

"மேடம் என்ன சொல்லுறாங்கன்னா..."

"மேடம் இன்னும் வாயவே தொறக்கலையேப்பா" என்றாள் வேலுத்தாய். அந்தத் தெருவில் வயதிலும் வாயிலும் மூத்தவள் அவள்தான்.

"நாங்க ரெண்டு பேரும் வேற வேறயாக்கா?"

"இது தெரிஞ்சிருந்தா ஓட்ட ஒம் பேருக்கே போட்டிருப்பேனே."

களம் சிரித்தது. அருணாதேவியும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். சங்கிலிமுத்து மட்டும் சிரிக்காமல், சாக்கடைத் தண்ணி ஓடுகிற வாறுகாலுக்கு மூடி போட்டுத் தருவதாக மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

நல்லசிவம் எழுந்து நின்றார். வெள்ளைச் சட்டை கக்கத்தில் நனைந்திருந்தது. "தாயி, ஒங்களக் கெடுத்துட்டு நான் கெட்டி என்ன செய்யப்போறேன்? தாள் ஒரு எடத்துல, மிஷின் ஒரு எடத்துல, பைண்டிங் ஒரு எடத்துலன்னு சீசனுக்கு நாயா அலையுதேன். எல்லாத்தையும் ஒரு கூரைக்குக் கீழ கொண்டாரணும், அம்புட்டுத்தான்."

"ரெண்டு மாடியோட நிறுத்திக்கிடுங்க அண்ணாச்சி. அதுக்கு மேல போனா களத்துல நெழல் விழும்" என்றாள் வேலுத்தாய்.

"விழாது தாயி."

"விழும்."

"கீழ பைண்டிங் வருதுல்ல, அதுல நம்ம தெருவுக்கு வேல உண்டா?" என்று பின்னாலிருந்து ராக்காயி கேட்டாள்.

"மொத ஆளு இந்தத் தெருப் பொம்பளைகதான். பொறவுதான் வேற ஊரு. ஒக்காந்து பாக்குற வேல, தலைக்கு மேல காத்தாடி."

அதைக் கேட்டதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. விழும் என்று பாதிப் பேரும் விழாது என்று பாதிப் பேரும் இருட்டும்வரை கத்தினார்கள். ஒன்றும் முடிவாகவில்லை.

வீட்டுக்குள் வந்து முனியராஜுக்குச் சோறு போடும்போது செல்வலட்சுமிதான் சொன்னாள். "விழும், விழாதுன்னு எதுக்கு வாய்ச்சண்ட? அம்புட்டு ஒசரத்துக்கு ஒரு கம்ப நட்டுப் பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது. சவுக்குக் கம்புக்கு ஒங்ககிட்ட பஞ்சமா?"

அவர் பிசைந்த கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "ஒன்னய இஞ்சினியருக்குப் படிக்க வச்சிருக்கணும் லெச்சுமி."

"நான் சொன்னேன்னு சொல்லிராதீக. பொம்பள பேச்சுன்னு சிரிப்பாக. ஒங்க யோசனயாவே சொல்லுங்க."

ஆனி பதினொன்றாம் தேதி கம்பு நட்டார்கள். மூன்று நீளக் கம்புகளைக் கயிற்றால் பிணைத்து, தெரு முழுக்கப் பார்க்க முனியராஜ் டேப் பிடித்து அளந்தார். டேப்பின் மறுமுனையை வேலுத்தாய் பிடித்துக்கொண்டாள். "ஒரு அடி கொறஞ்சாலும் கயித்த அவுத்துருவேன்லே."

"ரெண்டடி கூடவே இருக்கட்டும்க்கா. ஒங்களுக்காக" என்றார் அவர். நிழல் தெளிவாகத் தெரியவேண்டும் என்று உச்சியில் ஒரு சாக்கை விரித்துக் கட்டினார். மாடி வரப்போகிற இடத்தின் வடக்கு ஓரத்தில், சுவரிலிருந்து பத்தடி உள்ளே குழி தோண்டி, ஆறு ஆம்பிளைகள் நாலு பக்கமும் கயிற்றை இழுத்துப் பிடிக்கக் கம்பு எழுந்து நின்றது.

ஒவ்வொரு மணிக்கும் சாக்கின் நிழல் விழுந்த இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். காலையில் அது தென்மேற்கே கிடந்தது. உச்சிவேளையில் கம்புக்குத் தெற்கே பதிமூன்றடியில் சுருண்டு கிடந்தது. சாயங்காலம் தென்கிழக்கே நீண்டு போனது. ஒரு தடவைகூடச் சுவர்ப்பக்கம் வரவில்லை. நல்லசிவம் குடையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அருணாதேவியும் போகவில்லை. பொழுது சாய்ந்ததும் எல்லாருக்கும் வடையும் டீயும் வந்தது.

"நிழல் விழாது என்பதை நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டதால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதி, சாட்சி என்று முனியராஜ் முதல் கையெழுத்துப் போட்டார். முனியராஜ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பதினாறு வீடும் போட்டது.

கட்டடம் மளமளவென்று எழும்பியது. சாரம் கட்டுகிற வேலையை நல்லசிவம் முனியராஜுக்கே கொடுத்தார். வேலை வாசலுக்கு எதிரேயே வந்துவிட்டதில் செல்வலட்சுமிக்குச் சந்தோஷம். மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து ஒருநாள் அவர் கத்தினார்:

"ஏ லெச்சுமி! மேல இருந்து பாத்தா நம்ம வீட்டுல மூணு ஓடு ஒடஞ்சு கெடக்கு!"

"எறங்கி வந்து மாத்துங்க! ஊருக்கே சொல்லணுமா?"

களத்துப் பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். "பொண்டாட்டியப் பாக்கதுக்குத்தான்டி அவன் மாடி ஏறுதான்" என்றாள் வேலுத்தாய்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தீபாவளி வந்தது, கம்பெனிகளுக்கு லீவு விட்டார்கள். கார்த்திகை பிறந்து முதல் லோடு தாள் வந்து இறங்கியபோது நாலு மாடிக்கும் சுவர் எழும்பி நின்றது. மேகம் விலகி நல்ல வெயில் அடித்த ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு நாளாக உருட்டி வைத்திருந்த குழாய்களைப் பெண்கள் களத்தில் பரப்பினார்கள்.

தட்டில் வெயில் ஏறவே இல்லை. சுவரோரம் வைத்தவர்கள்தான் முதலில் நிமிர்ந்து பார்த்தார்கள். நேரம் போகப்போக விலகிவிடும் என்று நினைத்தார்கள். பத்து மணியாயிற்று, பன்னிரண்டு மணியாயிற்று. கட்டடத்தின் நிழல் சுவரைத் தாண்டி, களத்தில் முக்கால்வாசியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தது. வீட்டு வாசலையொட்டி ஏழடிக்கு மட்டும் வெயில் இருந்தது. பதினாறு வீட்டுத் தட்டுகளும் அந்த ஏழடிக்குள் ஒன்றையொன்று இடித்தன.

வேலுத்தாய் சாரத்தைப் பார்த்துக் கத்தினாள். "ஏலே முனியராசு! கீழ எறங்குலே!"

அவர் இறங்கிவந்து களத்தின் நடுவில் நின்றார். காலடியைப் பார்த்தார். திரும்பி மாடியைப் பார்த்தார். அவர் முகம் அப்படி ஆனதைச் செல்வலட்சுமி அதற்கு முன்பு பார்த்ததில்லை.

"எந்த ஊருக் கம்புலே நட்ட? சாரத்து வேலைக்காகத்தான் அளந்தியா?"

"டேப்ப நீங்கதானக்கா பிடிச்சீக."

"நான் கீழ பிடிச்சேன். மேல என்ன செஞ்சன்னு எனக்கென்ன தெரியும்? கம்பு நடுற யோசனைய ஒனக்குக் குடுத்தது ஆரு? அண்ணாச்சியா, சங்கிலிமுத்தா?"

கையில் தட்டோடு செல்வலட்சுமி வாசலில் நின்றாள். சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. பதினைந்து வீட்டுப் பெண்களும் நின்ற நிலையைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

முனியராஜ் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "ஆரும் குடுக்கலக்கா. யோசன என்னுதுதேன்" என்றார்.

மறுநாள் அவர் கவுன்சிலர் வீட்டுக்குப் போனார். செல்வலட்சுமியும் கூடப் போனாள். நல்லசிவமும் அங்கே இருந்தார். தான் அளந்தது தப்பாகிவிட்டது, அந்தக் கையெழுத்துகளைச் செல்லாது என்று சொல்லுங்கள் என்று முனியராஜ் கேட்டார். சங்கிலிமுத்து காகிதத்தின் நகலை எடுத்து வாசித்தார்.

"நிழல் விழாதுன்னு போட்டிருக்கு. அன்னைக்கு விழல. எந்த மாசத்துக்குன்னு இதுல போடலையேப்பா."

"முனியராஜண்ணன் மேல தப்பில்லைங்க. நானும் அன்னைக்குச் சாயந்தரம் வரைக்கும் பாத்துட்டுத்தான இருந்தேன்" என்றாள் அருணாதேவி.

"நீ சும்மா இரு" என்றார் சங்கிலிமுத்து. கவுன்சிலர் எழுந்து காபி போட உள்ளே போனாள்.

நல்லசிவம் தலையைத் தடவிக்கொண்டார். "போட்ட காங்கிரீட்ட எறக்கச் சொல்லுதியா முனியராசு? எனக்கும் தெரியாதுய்யா, சத்தியமாத் தெரியாது. கம்ப நட்டது நீதான? வேணும்னா மொட்டமாடில காயப்போட்டுக்கிடச் சொல்லு. நான் தடுக்கல."

இரண்டு நாள் மொட்டைமாடிக்கும் ஏறிப் பார்த்தார்கள். கைப்பிடிச் சுவர் இன்னும் எழும்பாத மாடியில், காற்று தட்டோடு அள்ளிக்கொண்டு போய் ரோட்டில் கொட்டியது. வேலுத்தாய் இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பிறகு முனியராஜ் அந்தக் கட்டடத்தில் கால் வைக்கவில்லை. அவர் கட்டிய சாரத்தை வேறு யாரோ அவிழ்த்தார்கள். டீக்கடையில் அவர் போய் உட்கார்ந்தால் பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒருத்தன் மட்டும் போகிற போக்கில், "என்னண்ணே, இன்னைக்கு எத்தன அடி?" என்று கேட்டுவிட்டுப் போனான். பத்தாம் நாள் அவர் திருப்பூருக்குப் புறப்பட்டார். அங்கே ஒரு மேஸ்திரி கூப்பிட்டிருந்தான்.

செல்வலட்சுமி புளிச்சோறு கட்டிக்கொடுத்தாள். இலையை மடித்துக்கொண்டே சொன்னாள். "நான் போயி வேலுத்தாயக்காட்டச் சொல்லிருதேன். யோசன என்னுதுன்னு."

"சொல்லி? ஒன்னயும் சேத்து ஏசுவாக. நீ இங்கன இருந்து பொழைக்கணும். நான் வெளிய போறவன், எம்மேலயே கெடக்கட்டும்."

"ஒங்களப் பொய்யன்னுல்ல பேசுதாக."

"அதத்தான் லெச்சுமி என்னால தாங்க முடியல" என்றார் அவர். செருப்பை மாட்டிக்கொண்டு, எதிரே நின்ற கட்டடத்தை நிமிர்ந்து பார்க்காமல் நடந்தார்.

மார்கழியில் நிழல் இன்னும் நீண்டது. உச்சிவேளையில் வாசல்கல்லைத் தொட்டது. முதல் லோடில் பாதிக் குழாய் பூசணம் பூத்துத் திரும்பி வந்தது. சாக்கைப் பிரித்ததும் புளித்த பசை நாற்றம் தெருவெல்லாம் அடித்தது. ஏஜெண்டு, "இன்னும் ஒருதடவ இப்படி வந்தா நாரணாபுரத்துல குடுத்துருவேன், என்னயக் குத்தஞ்சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனான். பெண்கள் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டித் தரிசில் போய்க் காயவைத்தார்கள். அங்கே ஆடுகளை விரட்ட ஓர் ஆள் எந்நேரமும் நிற்கவேண்டியிருந்தது. செல்வலட்சுமியோடு யாரும் சண்டை போடவில்லை. அவள் பக்கத்தில் தட்டு வைக்கவும் இல்லை.

ஒருநாள் அடுப்பு வேலை முடிய நேரமாகிவிட்டது. தரிசுக்குப் போகாமல் ஒரு தட்டை மட்டும் வாசலுக்குக் கொண்டுவந்தாள். எப்போதும் போல முதலில் சுவரோரம் கொண்டுபோய் வைத்தாள். வைத்த கையோடு, யோசிக்காமலே அதை ஒரு பாய் அகலத்துக்கு வடக்கே இழுத்தாள். இழுத்தவள் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு மார்கழியிலும் அவள் தட்டை இப்படி இழுத்து வைத்திருக்கிறாள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிட, அந்த எட்டடிச் சுவரின் நிழல் களத்துக்குள் வரும். ஆனியில் வராது. ஆனியில் சுவரை ஒட்டியே தட்டு வைக்கலாம். அவள் மாமியார் சொல்லித்தரவில்லை. கை தானாகப் பழகிக்கொண்டது. அவளுக்குத் தெரியும். எப்போதுமே தெரியும்.

வேலுத்தாய் முட்டிவலியோடு தன் வாசலில் உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருந்தாள். செல்வலட்சுமி தட்டைத் தன் வாசல்கல்லோரம் கொண்டுவந்து வைத்துவிட்டு, போய் அவள் முன்னால் நின்றாள்.

"எக்கா, கம்பு நடச் சொன்னது நாந்தேன். அவுக இல்ல."

வேலுத்தாய் கம்பியிலிருந்து குழாயை உருவி வைத்தாள். அடுத்த தாளை எடுத்தாள்.

"மார்கழில தட்ட வடக்க இழுத்துத்தான வைப்போம்? எனக்குத் தெரியும்க்கா. அன்னைக்கு அது புத்தில தட்டவே இல்ல. பாவி, நான் ஆனியிலயே நடச் சொன்னேன்."

"எனக்கு மட்டும் தெரியாதாடி?" என்றாள் வேலுத்தாய். கை உருட்டிக்கொண்டேதான் இருந்தது. "முப்பது வருசமா நானுந்தான் இழுத்து வைக்கேன்."

செல்வலட்சுமி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மறந்துதான் போனேன், இல்லங்கல. ஆனா சாயந்தரம் வட திங்கும்போது எனக்குள்ள ஒண்ணு உறுத்துச்சுடி. காத்தாடிக்குக் கீழ ஒக்காந்து பாக்குற வேலன்னு அண்ணாச்சி சொல்லிட்டாரா, எம் முட்டி அதையே நெனச்சுட்டு இருந்துச்சு. அதான் கண்ணால பாத்தாச்சே, பொறவு எதுக்கு ரோசனன்னு கையெழுத்தப் போட்டுட்டேன்."

"பொறவு எதுக்குக்கா அவுகள அப்படி ஏசுனீக?"

"ஆரையாச்சும் ஏசணும்லடி. என்னய நானே நடுத்தெருவுல நிறுத்தி ஏசவா?" வேலுத்தாயின் கை நின்றது. பசை ஒட்டிய விரல்களை முந்தானையில் துடைத்தாள். "போனப் போடு. நான் பேசுதேன்."

போன் வெகுநேரம் அடித்த பிறகுதான் முனியராஜ் எடுத்தார். "ஏலே முனியராசு, வேலுத்தா பேசுதேன். தப்பு எங்க எல்லார் மேலயுந்தான்லே. நான் களத்துல நின்னு எல்லாருக்கும் கேக்கச் சொல்லுதேன். நீ வந்திரு. அவ பாதியா ஆயிட்டா." அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டு போனைச் செல்வலட்சுமியிடம் நீட்டினாள். செல்வலட்சுமி அதை வாங்கிக்கொண்டு தன் வீட்டு வாசலுக்கு நடந்தாள்.

"சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன். நீ?" பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. "லெச்சுமி, நெழல் இப்ப எதுவரைக்கும் வருது?"

"வாசக்கல்லு வரைக்கும்."

"தை கடைசில கொஞ்சம் எறங்கும். மாசி பாதியில கால்வாசிதான் நிக்கும். பங்குனி பொறந்துட்டாச் சொவரத் தாண்டாது" என்றார். அங்கே ஏதோ ஒரு கட்டடத்தின் முன்னால் நின்று, நாள்தோறும் அவர் அளந்துகொண்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"நெழலு எக்கேடும் கெட்டுப் போகட்டும். நீங்க வாங்க. அக்காவே கூப்பிட்டாச்சே."

"வாரேன். ஆனியில வாரேன்."

"பங்குனியிலயே போயிரும்னுதான சொன்னீக? பொறவு ஆனி எதுக்கு?"

"நான் கம்பு நட்ட அன்னைக்கு அது எங்கன விழுந்துச்சோ, அங்கனயே விழுறத ஒருதடவ பாக்கணும் லெச்சுமி. அன்னைக்குத்தான் அந்தக் களத்துல என்னால நிமுந்து நிக்க முடியும். அதுவரைக்கும் என்னயக் கூப்பிடாத." சுத்தியல் சத்தம் நெருங்கியது. "ஓடு மாத்தாமலே வந்துட்டேன். மழ ஒழுகுச்சுன்னா கட்டிலத் தள்ளிப் போட்டுக்கோ."

போன் வைக்கப்பட்டுவிட்டது. அவள் வாசலில் வைத்திருந்த தட்டின் கடைசி வரிசைக் குழாய்களையும் நிழல் மூடியிருந்தது. குனிந்து ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். ஈரமாகத்தான் இருந்தது.

"என்னடி சொன்னான்? வாரானா?" என்று அங்கிருந்து வேலுத்தாய் குரல் கொடுத்தாள்.

செல்வலட்சுமி தட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வாராக" என்றாள். எந்த மாதம் என்று சொல்லவில்லை.